கைவண்டி வரும் வழி

எங்கள் சந்தில் எல்லா வீட்டுக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்கும். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்ற தமிழ்க் குடும்பங்கள் கட்டிய வீடுகள் இவை. முன்னறை முழுக்க மூட்டை அடுக்குவார்கள். கதவு உள்ளே திறந்தால் மூட்டைக்கான இடம் போய்விடும் என்று, சந்துக்குள் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். சந்தில் நடந்து போகிறவர்களின் மூக்கைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. சரக்கு ஏற்றிய கைவண்டி சந்து முனைக்கு வந்ததும், கூட வருகிறவர் "சரக்கு வந்தாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். திறந்திருக்கும் கதவுகளெல்லாம் முனையிலிருந்து வரிசையாகச் சாத்தப்படும். டப், டப் என்று அந்தச் சத்தம் வண்டிக்கு முன்னால் வரும். வண்டி கடந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கும். வெளியே போகிற வண்டியானால் "சரக்கு போகுது!" என்பார்கள். குரல் கொடுப்பது ஆண்களின் வேலை. சாத்துவதும் திறப்பதும் எங்களுடையது.

என் வீட்டுக்காரருடைய குரல் தனியாகத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில், அந்தக் குரல் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன். அவர் வண்டிக்கு முன்னால் நடந்து வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ யானையை அழைத்து வருகிற தோரணை. வண்டி எங்கள் வாசலைச் சற்றுத் தாண்டி நிற்கும். நான் கதவைத் திறப்பேன். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வண்டியின் பின்பக்கமிருந்து மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுத்து, தோளில் வாங்கி, நேரே உள்ளே கொண்டுபோய் அடுக்குவார்கள். வாழ்க்கை முழுக்க இந்தச் சந்துக்குள் எல்லாப் பொருளும் இப்படித்தான் வந்து இறங்கியது.

இப்போது சரக்கு வருவது குறைந்துவிட்டது. காயலோரம் இருந்த எங்கள் கோடவுன் ஒரு காபிக்கடையாகிவிட்டது. மிளகு மூட்டை இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, சுவரின் பழைய காரையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோடவுனை விற்ற கையோடு அவருக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. விற்ற துக்கம்தான் காலில் இறங்கிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். துக்கத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தால் நான் எப்போதோ படுத்திருக்க வேண்டும்.

நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறுமாம். மருந்து உண்டா என்று கேட்டேன். பிசியோதெரபி உண்டு என்றார். இல்லை என்ற பதிலை இப்படியும் சொல்லலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வாரா வாரம் பாலம் தாண்டி எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆட்டோ சந்துக்குள் வரும். அதில் சிரமம் இல்லை. ஆனால் ஆட்டோவில் ஏற, தலையையும் குனிந்து இடுப்பையும் வளைத்து ஒரு நொடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்த ஒரு நொடி அவரிடம் இல்லாமல் போனது. ஒருநாள் வளைவில் ஆட்டோ திரும்பியபோது சீட்டிலிருந்து வழுக்கி, என் காலடியில் விழுந்துவிட்டார். பேருந்துக்கு நின்றவர்கள் வந்து தூக்கி உட்கார வைத்தார்கள். அதில் ஒருவர் "பாவம்" என்றார்.

வாடகைக் காரில் கூட்டிப் போய்ப் பார்த்தேன். காரின் சீட் தாழ்வாக இருக்கும். உள்ளே போவது விழுவது மாதிரிதான். எழுவது அதைவிட மோசம். பிசியோதெரபி செய்கிற பெண்தான் சொன்னாள், சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு காலைத் திருப்பி உள்ளே வைக்கலாம், எஸ்யூவி வகை வண்டிதான் தோது என்று. சக்கர நாற்காலி வாங்கிவிட்டால் எல்லாமே எளிது என்றும் சொன்னாள். அந்தப் பேச்சை அவர் அங்கேயே நறுக்கிவிட்டார்.

அன்று வீட்டில் என்னையும் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகனையும் எதிரே நிறுத்திவைத்துச் சொன்னார். "எந்தா பேசணுமோ பேசிக்கோங்க. ஆனா என்னைத் தூக்கிக்கிட்டு இந்தச் சந்துல யாரும் வரக்கூடாது. உருட்டிக்கிட்டும் வேண்டா. இங்கேர்ந்து என்னைத் தூக்கிக்கிட்டுப் போறது ஒரு தரம் மதி."

எங்கள் தமிழில் பாதி மலையாளம். மதி என்றால் போதும் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவரிடம் பேச்சு வளர்க்க முடியாது.

எதிர்வீட்டுக்காரர் வாதத்தில் விழுந்தபோது அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், வருவார்கள். அப்போதெல்லாம் சந்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கும். எல்லார் வாயிலும் பாவம், பாவம்தான். இவரும் வாசலில் நின்று சொன்னவர். அந்தச் சொல் இங்கே எப்படி வீட்டுக்கு வீடு நகர்ந்து போகும் என்று அவருக்குத் தெரியும்.

மகன் வேறு கணக்குப் போட்டிருந்தான். வைட்டிலாவில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தான். "லிஃப்ட்ல இறங்கினா நேரா கார்ப் பார்க்கிங், அப்பா. யார் கண்ணுலயும் படாம ஏறலாம். நல்ல பெரிய வண்டியா வாங்குவோம்." உண்மையைச் சொன்னால் எனக்கும் ஃபிளாட் ஆசை இருந்தது. மழைக்காலத்தில் சாக்கடை ஏறாத ஒரு வீடு, வழுக்காத குளியலறை, முழங்கால் வலிக்காத ஒரு தரை. இத்தனை வருஷம் இந்த ஈரச் சுவரோடு குடித்தனம் செய்தவளுக்கு அது பெரிய ஆசையா?

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இங்க யாரு இருக்காங்க?" என்றேன் நான். கோபத்தில்தான் கேட்டேன். அவர் சந்தைப் பார்த்தார்.

ஆக, எந்த வண்டி என்பது எந்த வீடு என்றாகிவிட்டது. பெரிய வண்டி வாங்கினால் வைட்டிலா. அது எங்கள் சந்துக்குள் மூக்கைக்கூட நுழைக்காது. சந்துக்குள் வருகிற வண்டி என்றால் மட்டாஞ்சேரி. யார் காரைப் பற்றிப் பேசினாலும் வீட்டைப் பற்றித்தான் பேசினோம்.

ஷோரூம் வைட்டிலாவைத் தாண்டி பைபாஸில் இருந்தது. உள்ளே மீன் கெடாமல் வைக்கிற குளிர். அப்போது அவர் கம்பு ஊன்றி, மறுகையால் என் தோளைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். கோட்டு போட்ட ஒரு பெண் ஓடி வந்து, "அங்கிள், ஆன்ட்டி" என்று உபசரித்து, நுரை தளும்பும் காபி கொடுத்தாள். ஒரே கம்பெனியின் வண்டிகள் மூன்று வரிசையாக நின்றன. சின்னது, நடுத்தரம், பெரியது. மூன்றும் ஒரே முகஜாடை. சின்னதின் விலைக்குப் பள்ளுருத்தியில் ஒரு வீடு வாங்கலாம். நடுத்தரத்துக்கு அதே வீட்டை மாடியோடு வாங்கலாம். பெரியதின் விலையை அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

மகன் நேரே பெரியதிடம் போனான். கதவைத் திறந்ததும் அடியிலிருந்து ஒரு படி தானாக நீண்டது. அவரை ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் தள்ள வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சீட் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"எப்படி இருக்கு, அப்பா?"

"மச்சில ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

"ஏழு பேர் போகலாம், அங்கிள்" என்றாள் அந்தப் பெண். ஏழு பேருக்கு நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவன் பெங்களூரில். அவள் சிரித்தாள். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது.

சின்னது அவருக்குப் பிடித்திருந்தது. சந்துக்கு இதுவே மதி என்றார். ஆனால் கதவு வழி குறுகலாக இருந்தது. அவருடைய வலது முட்டி அப்போதே சரியாக மடங்காது. உட்கார்ந்துவிட்டார், காலை உள்ளே எடுக்க முடியவில்லை. முட்டி போய்ப் போய்க் கதவின் ஓரத்தில் இடித்தது. வலியை மறைத்துக்கொண்டு மறுபடியும் முயற்சி செய்தார். நான் போதும் என்று பிடித்து இறக்கினேன்.

நடுத்தர வண்டியின் சீட் சரியாக அவர் இடுப்புக்கு வந்தது. பின்கதவைத் திறந்து பிடித்தாள் அந்தப் பெண். அவர் முதுகைக் காட்டி நின்றார், உட்கார்ந்தார், தொடையைக் கையால் தூக்கி ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தார். என் தோளைப் பிடிக்கவில்லை. மகன் கையையும் பிடிக்கவில்லை. அப்படி ஒரு காரியத்தை அவர் யார் துணையும் இல்லாமல் செய்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. முகம் மாறிவிட்டது. "இதுவே இருக்கட்டும்" என்று முதலில் சொன்னது நான்தான். வைட்டிலா ஃபிளாட்டை அந்த இடத்திலேயே கை கழுவினேன்.

விற்பவள் விடுவாளா? வண்டியின் பெருமைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கண்ணாடிகள் பொத்தானை அழுத்தினால் மடங்கும். சுற்றிலும் கேமரா. பின்னால் போய் நின்று காலை வண்டிக்கு அடியில் ஒரு வீசு வீசினாள்; பின்கதவு மெல்ல மேலே எழுந்தது. "கை நிறைய சாமான் இருந்தாலும் காலை ஆட்டினால் மதி, அங்கிள்."

அவர் தன் காலைப் பார்த்தார். "என் கால ஆட்டி இனி ஒண்ணும் திறக்காது, மோளே" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பொத்தானும் உண்டு என்று அவசரமாகக் காட்டினாள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று மகன் கேட்டான். சந்தின் போட்டோவை வாங்கிப் பார்த்த மேனேஜர், கோடு விழுந்துவிடும் சார், அனுமதி இல்லை என்றார். என் வீட்டுக்காரர் கையை உயர்த்தி, "வேண்டா, நம்ம அளந்துக்கலாம்" என்றார்.

அளந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாக்குத் தைக்கிற சணல் கயிறை மகன் கையில் கொடுத்தார். வண்டியின் அகலத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முனையிலிருந்து வீடுவரை சுவருக்குச் சுவர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. "பாத்தியா? குறுக்க மூட்டை அடுக்கின கைவண்டிக்கும் இதே இடம்தான். கைவண்டி வர்ற வழில கார் வராதா?" என்று கேட்டார். என்ஜினியரிங் படித்த மகன் தலையை ஆட்டினான். வேடிக்கை பார்த்த சந்துக்காரர்களும் ஆட்டினார்கள். எல்லாரும் கைவண்டி பார்த்து வளர்ந்தவர்கள். வண்டி உள்ளே வருமா என்று மட்டும்தான் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது.

வண்டிக்குப் பதிவு செய்தோம். கறுப்பு. வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்; விலை ஏற ஏறக் காத்திருப்பதும் கூடுமாம். அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். "வண்டி வரட்டும்." ஆட்டோ வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், வண்டி வரட்டும். பிடித்த பிடி. டாக்டர் போனில் மருந்து சொன்னார். பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்தாள், பிறகு மழை பலத்து அவளும் வரவில்லை. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியபோது கம்பு மூலையில் சாய்ந்தது. மழை முடிவதற்குள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அவர் குரலும் தேயத் தொடங்கியது. பாதத்தில் தொடங்கியது தொண்டைவரை வந்துவிட்டதென்று எனக்குப் புரிந்தது. அவர் வண்டியின் படத்தை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷோரூமுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்பாள். கப்பலில் இருக்கிறது ஆன்ட்டி என்பாள். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற எங்களிடமே கப்பல் கதை.

ஓணம் கழிந்த ஒரு காலையில் அவருக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. நெஞ்சுக்குள் சளி கறகறத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் சந்து முனையில் நின்றது. ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மழை தூறியது. கதவுகளெல்லாம் திறந்திருந்தன. பாவம், பாவம் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். அவருக்கு எதுவும் தெரியாது. நானும் பிறகு சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியது. நினைவு வந்தது. ஆனால் இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பெங்களூரிலிருந்து ஓடிவந்திருந்த மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டிஸ்சார்ஜ் ஆகிற அதே நாளில் வண்டி வந்தது. மகன் ஷோரூமில் வாங்கி, கோயில் வாசலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தான். கண்ணாடியில் சந்தனப் பொட்டு. சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் விசாலம். கதவை அகலத் திறந்து, ஊழியர்கள் அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே பின்சீட்டுக்கு மாற்றினார்கள். சீட் அவர் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. இடுப்புதான் இப்போது அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தாங்கிக்கொண்டேன். பாலம் ஏறியபோது, "நல்ல வண்டி" என்றார். காற்று மாதிரிதான் குரல் வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. இதைச் சித்திரையிலேயே கொடுத்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

சந்து முனையில் வண்டி நின்றது. மகன் கண்ணாடிகளை மடக்கினான். அவர் ஜன்னலைக் காட்டினார், இறக்கினேன். கழுத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து, குரல் கொடுக்கப் பார்த்தார். எதுவும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மகன் ஹாரன் அடித்தான். கதவுகள் முனையிலிருந்து சாத்தப்படத் தொடங்கின. டப், டப் என்ற அந்தச் சத்தத்தை வண்டிக்குள்ளிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வண்டி சுவருக்குச் சுவர் ஒட்டி, பீப் பீப் என்று ஓயாமல் கத்திக்கொண்டு உள்ளே போனது. எங்கள் வீட்டு வாசலில் நின்றது. மகன் என்ஜினை அணைத்து, பெருமையாகத் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பக்கக் கதவைத் திறந்தான். டங்கென்று சுவரில் மோதியது. ஒரு கை அகலம்தான் திறந்தது. நான் என் பக்கம் திறந்தேன். அதுவும் சுவர். அவர் பக்கம் வீட்டுக் கதவு. படுக்கை விரித்து வைக்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் அதை உள்ளேயிருந்து தள்ள, அது வண்டியில் இடித்து நின்றது. வண்டிக் கதவும் திறக்காது, வீட்டுக் கதவும் திறக்காது. அவருடைய படுக்கை பத்தடி தூரத்தில் விரித்திருந்தது.

மகன் அந்தக் கதவை மறுபடியும் மறுபடியும் சுவரில் இடித்தான். புது வண்டியின் கறுப்பு பெயர்ந்து சுண்ணாம்பு ஒட்டியது. எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து கயிறு பிடித்து அளந்தோமே.

முதலில் புரிந்துகொண்டது அவர்தான். "கைவண்டிக்குக் கதவு இல்லியே" என்றார்.

"பின்னால எடுத்துடறேன் அப்பா. முனைல வச்சு இறக்கி, மெல்ல…" முனையில் இறக்கினால் தூக்கிக்கொண்டு வரத்தான் வேண்டும். எல்லாக் கதவும் அதற்குள் திறந்திருக்கும்.

அவர் தலையை அசைத்தார். வேண்டாம். கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினார். "முன்னால எடு. வாசலைத் தாண்டி நிறுத்து. பின்னால திறந்து இறக்கு."

எனக்கு உடம்பு கூசியது. சாமான் வைக்கிற இடத்தின் வழியாகவா? "வேண்டாங்க, முனைக்கே போயிடலாம்" என்றேன். "மதி" என்றார்.

மகன் வண்டியை முன்னால் எடுத்தான். பொத்தானை அழுத்த, பின்கதவு ஷோரூமில் பார்த்த அதே நிதானத்தோடு எழுந்தது. முதலில் நான் வெளியே வர வேண்டும். என் பக்கத்துச் சீட்டின் முதுகைச் சாய்த்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு, இந்த வயதில் முழங்காலால் தவழ்ந்து இறங்கினேன். வண்டியின் பின்னாலேயே மார்க்கெட்டிலிருந்து சுமட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் சரக்கை இறக்கியவர்கள், தலை நரைத்தவர்கள். ஒருவர் வண்டிக்குள் ஏறி அவரைச் சாய்த்த சீட்டின் மேல் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிப் போர்வையை அடியில் கொடுத்தார். மற்றவர்கள் போர்வையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள். தலை முதலில் வந்தது, பிறகு தோள். வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தோளில் வாங்கியவரைப் பார்த்து அவர் உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"சரக்கு வந்தாச்சு" என்றார். பிறகு, "கொக்கி போட்டுடாதீங்கடா."

அந்த ஆள் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எங்கள் வாசல் அங்கேயே இருந்தது. ஓர் எட்டில் உள்ளே போனார்கள். சந்தில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. வண்டி இன்னும் சந்துக்குள்ளேயே நின்றதால், முன்னால் போகுமோ பின்னால் வருமோ என்று யாரும் திறக்கவில்லை. அந்த ஒரு உபகாரத்தை அந்த வண்டி செய்தது.

அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவில்லை. வண்டி எங்கள் பழைய கோடவுன் இருந்த இடத்தில், காபிக்கடையின் பார்க்கிங்கில் நின்றது. லீவு போட்டுக் கூடவே இருந்த மகன் தினமும் போய்த் துடைத்துவிட்டு வருவான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சின்னதை வாங்கியிருந்தால் கதவு கொஞ்சம் கூடத் திறந்திருக்குமோ, பெரியதை வாங்கிக்கொண்டு வைட்டிலாவுக்குப் போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆரம்பிப்பான். சாப்பிடு என்பேன். எனக்கும் அதே நினைப்புதான் ஓடும். அதைச் சொன்னால் அவன் சாப்பிட மாட்டான்.

ஐப்பசியில், துலாம் மாதத்து இடிமழையில் ஒருநாள் விடிந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் காலை பாடை கட்டினார்கள். மூங்கில், தென்னையோலை, பூ. மகன் முன்னால் பிடித்தான். சுமட்டுக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். எங்களில் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். நான் நிலைப்படியில் நின்றேன். பாடைக்கு அவ்வளவு அகலம் கிடையாது. சந்தில் தாராளமாகப் போகும். அதனால் இரண்டு பக்கமும் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லாரும் வாசலுக்கு வந்து, மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டிலிருந்து முதல் பாவம் கேட்டது. பக்கத்து வீட்டில் அடுத்தது. நல்லவர்கள்தான் எல்லாரும். எனக்குத்தான் தாங்கவில்லை.

என்னைப் பிடித்திருந்தவர்களின் கையை உதறிவிட்டு, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்.

"சரக்கு போகுது!"

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மகன் திரும்பிப் பார்த்தான். நான் இன்னொரு தரம் கத்தினேன். இந்தத் தடவை குரல் அவருடையதைப் போலவே வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

எதிர்வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்தாள். தன் வீட்டுக்காரரை நாற்காலியில் அனுப்பியும் வாங்கியும் கண்டவள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த கதவு சாத்தப்பட்டது. அதற்கடுத்தது. டப், டப் என்று அந்தச் சத்தம் அவருக்கு முன்னாலேயே முனைவரைக்கும் போனது.